போர் தண்ணீரில் துருக்கறை, காலையில் முட்டை நாற்றம்: எதிலிருந்து தொடங்குவது?

1. மடிப்பாக்கம் புதுவீடு

வணக்கம். மடிப்பாக்கத்தில் ஒரு பழைய தனிவீட்டை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். 120 அடி போர், ஆறரை அங்குலக் கேசிங். மோட்டார் போட்டதும் தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறது. பக்கெட்டில் பிடித்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் மஞ்சளாகிறது, மறுநாள் அடியில் செங்காவி நிறத்தில் வண்டல் படிந்திருக்கிறது. குளியலறை டைல்ஸ், வாஷ்பேசின், வெள்ளைச் சட்டை எல்லாவற்றிலும் துருக்கறை. இது போதாதென்று காலையில் முதலில் குழாயைத் திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வருகிறது.

இரண்டு கடைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் கையில் இருந்த மீட்டரைத் தண்ணீரில் வைத்து டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) 870 என்று சொல்லி, முழு வீட்டுக்கும் சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். இன்னொருவர் வீடு முழுக்க ஆர்.ஓ. போடச் சொல்கிறார். இரண்டுமே பெரிய செலவு. வீட்டில் நாங்கள் நாலு பேர். இப்போதைக்குக் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

2. சோதனைக்குழாய்

தம்பி, யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டி.டி.எஸ். மீட்டர் மின்கடத்தலை மட்டும் அளக்கும் கருவி. இரும்பு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. 870-இல் பெரும்பங்கு உப்பும் கடினத்தன்மையும்தான். துருக்கறை உண்டாக்க லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்பே தாராளம். 870-இல் அந்த ஒன்று எங்கே தெரியப்போகிறது?

நீங்கள் சொல்லும் அடையாளம் தெளிவாக இருக்கிறது. வரும்போது தெளிவு, பிறகு மஞ்சள் என்றால் அது கரைந்த நிலையில் உள்ள இரும்பு. பூமிக்குள் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு ஃபெரஸ் வடிவில் கரைந்து நிற்கும், நிறம் இருக்காது. மேலே வந்து காற்றுப் பட்டதும் ஃபெரிக் வடிவுக்கு மாறிக் கரையாத துருவாகிப் படியும். குழாயில் வரும்போதே மஞ்சளாக வந்தால் வேறு கதை: ஏற்கெனவே துருவானது வருகிறது, அல்லது பழைய ஜி.ஐ. குழாயே துருப்பிடித்திருக்கிறது. எத்தனை நாள் வைத்தாலும் படியாமல் டீ டிகாஷன் நிறத்திலேயே நின்றால் மட்கிய இலைதழைச் சத்தோடு பிணைந்த இரும்பு. அதுதான் மிகவும் சிரமம் கொடுப்பது.

முதலில் பரிசோதனை. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு, கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். தனியார் கூடங்களும் இருக்கின்றன. இரும்பு, மாங்கனீசு, பி.எச்., மொத்தக் கடினத்தன்மை, காரத்தன்மை, அம்மோனியா, நைட்ரேட், குளோரைடு, கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) இவ்வளவும் கேளுங்கள். ஒரு விஷயம் முக்கியம். இரும்புக்கான மாதிரியை எடுத்த இடத்திலேயே சில சொட்டு அமிலம் விட்டு மூட வேண்டும். சாதாரண பாட்டிலில் பிடித்து மறுநாள் கொண்டுபோனால் இரும்பு பாட்டிலின் சுவரில் படிந்துவிடும், ஆய்வகம் குறைவாகக் காட்டும். அமிலம் விட்ட பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடோ வாயு, வழியிலேயே பறந்துவிடும். அதைக் குழாயடியில் வைத்தே பார்க்கும் கிட் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு வேலை. வாசம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். போர் மோட்டாருக்குப் பக்கத்தில் உள்ள குழாய், சம்ப், மொட்டைமாடி டேங்க், கீசரின் வெந்நீர் என நாலு இடத்திலும் தனித்தனியாக ஒரு டம்ளர் பிடித்து முகர்ந்து பாருங்கள். பதிலை எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.

3. செம்பருத்தி

கடலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இதற்கு ஒரு கைவைத்தியச் சோதனை உண்டு. கொய்யா இலை இரண்டைக் கசக்கித் தண்ணீரில் போட்டால், இரும்பு இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஊதாக் கறுப்பாகிவிடும். கடுக்காய்த் தூளும் இதைச் செய்யும். இலை எதுவும் வேண்டாம், டீ போட்டுப் பாருங்கள், பால் சேர்க்கும் முன்பே கறுத்துப் போயிருக்கும்.

சட்டைக் கறைக்கு ஒன்று சொல்கிறேன். பிளீச் ஊற்றவே ஊற்றாதீர்கள். துணியில் இருக்கும் இரும்பை அது இன்னும் கெட்டியாகத் துருவாக்கி நிறுத்திவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காயவைத்து அலசுங்கள். அதிகக் கறை என்றால் ஆக்சாலிக் அமிலம் கேட்டு வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு நீர்த்த கரைசலில் நனைத்து நன்றாக அலச வேண்டும். அது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

4. சோதனைக்குழாய்

அக்கா சொன்னது சரியான சோதனை. இலையிலும் கடுக்காயிலும் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இந்த வேதியியலை வைத்துத்தான். இரும்பு உண்டா இல்லையா என்று அது சொல்லிவிடும், எவ்வளவு என்று மட்டும் சொல்லாது.

டைல்ஸ் கறைக்குப் பலர் டாய்லெட் ஆசிட் ஊற்றுவார்கள். அதே நாளில் அதே இடத்தில் பிளீச்சிங் பவுடரும் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

5. மடிப்பாக்கம் புதுவீடு

ஐயா, நாலு இடத்திலும் பார்த்துவிட்டேன். போர் குழாயில் மோட்டார் போட்ட முதல் சில நிமிடம் நல்ல நாற்றம், அப்புறம் குறைகிறது, முழுதாகப் போவதில்லை. சம்ப்பில் லேசாக. மாடி டேங்க்கில் கிட்டத்தட்ட இல்லை. வெந்நீரில் மறுபடியும் நாற்றம், அதுவும் அதிகமாக! இது எப்படி என்று புரியவில்லை. டீ கறுத்தது. ஃபிளஷ் டேங்க்கைத் திறந்து பார்த்தேன், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் வழவழவென்று சளி மாதிரி ஒட்டியிருக்கிறது.

6. குழாய்க்காரன்

சார், நான் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் பிளம்பிங் வேலை பார்க்கிறவன். அந்தச் சளி இரும்பு பாக்டீரியா. வெறும் துரு என்றால் விரலில் பொடியாக வரும், இது நூல் மாதிரி இழுபடும். தேங்கிய தண்ணீரில் எண்ணெய்ப் படலம் போல மினுமினுக்கும். குச்சியால் தொட்டால் சில்லுச் சில்லாக உடைந்தால் பாக்டீரியா, உடைந்த பிறகும் திரும்ப ஒன்று சேர்ந்துகொண்டால் நிஜ எண்ணெய். இந்தச் சளி போர் குழாய்க்குள்ளும் பம்ப்பின் ஸ்டிரெய்னரிலும் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வரத்துக் குறைந்துவிட்டது, போர் வற்றிவிட்டது என்று நினைத்துப் புதுப் போர் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மோட்டாரை மேலே எடுத்துச் சுத்தம் செய்தாலே பாதி போர்கள் பழையபடி கொடுக்கும்.

மோட்டார் போட்ட முதல் சில நிமிடம் மட்டும் நாற்றம் அதிகம் என்றால் போருக்குள் ராத்திரி தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் வேலை நடக்கிறது. முதலில் கம்ப்ரசர் அடித்து, அதாவது அழுத்தக் காற்றைப் போருக்குள் செலுத்தி, வண்டலை வெளியேற்றுங்கள், அப்புறம் குளோரின் போட்டுக் கழுவுங்கள்.

7. வேளச்சேரி மாடிவீடு

இதே பிரச்சினை எங்கள் அடுக்ககத்திலும் உண்டு. மழைக்காலம் முடிந்து ஒன்றிரண்டு மாதம் நாற்றம் ரொம்ப அதிகம். ஏன் இந்தப் பகுதி முழுக்கவே இப்படி இருக்கிறது? ஐயா விளக்க முடியுமா?

8. சோதனைக்குழாய்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், காரணம் தெரிந்தால் வைத்தியமும் எளிதில் புரியும்.

மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் உபரி நீரெல்லாம் இயற்கையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போவது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம் அது. அதைச் சுற்றியுள்ள தாழ்ந்த பகுதிகளில் மேலே களிமண், அதில் நூற்றாண்டுக் கணக்காக மட்கிய கோரையும் இலையும். கீழே இருப்பது தென்சென்னையின் அடிப்பாறையான சார்னோக்கைட். பல்லாவரம் மலையில் உடைத்தெடுத்தார்களே, அதே கல். அதில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் உண்டு, இரும்பும் மக்னீசியமும் சேர்ந்தது. பாறை சிதையச் சிதைய இரும்பு மண்ணில் சேர்கிறது. மட்கும் பொருள் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை எல்லாம் தின்றுவிடுகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் அடுத்து மாங்கனீசையும் இரும்பையும் பிடித்துக்கொள்கின்றன, துரு கரைந்து நீரில் கலக்கிறது. அதுவும் போன பிறகு சல்ஃபேட்டைப் பிடித்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளிவிடுகின்றன. ஆக, இரும்பும் முட்டை நாற்றமும் சேர்ந்தே வருவதற்குக் காரணம் ஒன்றுதான்: ஆக்சிஜன் இல்லை.

மழைக்குப் பிறகு ஏன் அதிகம்? தெருவில் தேங்கிய நீர் சாக்கடையோடும் குப்பையோடும் கீழே இறங்கினால் புதிதாக மட்கும் பொருளை உள்ளே தள்ளுகிறது. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது மிக நல்ல காரியம், இன்றும் என் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டாமல், இலைச் சருகோடு நேராகப் போருக்குள் இறக்குவது கூடாது. மணல், ஜல்லித் தொட்டி வழியாகவோ, இருந்தால் திறந்த கிணற்றுக்குள்ளோ விடுங்கள்.

நாற்றம் முட்டையா சாக்கடையா என்பதையும் கவனியுங்கள். பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்து, அம்மோனியாவும் கோலிஃபார்மும் வந்தால் அது கழிவுநீர்க் கசிவு. அதற்கு இரும்பு ஃபில்டர் வைத்து எந்தப் பயனும் இல்லை, கசிவைத்தான் நிறுத்த வேண்டும்.

9. தெளிநீர்

மாற்றுக் கருத்து சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஆறு வருடமாகச் சாஃப்ட்னர் மட்டும்தான். இரும்பும் போய்விட்டது, கடினமும் போய்விட்டது, டைல்ஸ் வெள்ளையாக இருக்கிறது. கடைக்காரர் சொன்னதை அப்படியே தள்ளிவிட வேண்டாமே?

10. சோதனைக்குழாய்

உங்கள் வீட்டில் வேலை செய்கிறது என்பதை நம்புகிறேன். உங்கள் தண்ணீரில் இரும்பு ஒன்று, ஒன்றரை மில்லிகிராமுக்குள் இருக்கும், சாஃப்ட்னருக்குள் கடினத்தைப் பிடிக்கும் ரெசின் மணிகள் இருக்கும் தொட்டிக்குப் போகும்வரை காற்றுப் படாமலும் இருக்கும். போரிலிருந்து நேராகச் சாஃப்ட்னருக்குப் போகிறதா?

11. தெளிநீர்

ஆமாம், நேராகத்தான். இரும்பு 0.8 என்று அறிக்கையில் இருந்தது.

12. சோதனைக்குழாய்

அதனால்தான். கரைந்த ஃபெரஸ் இரும்பை ரெசின் கால்சியத்தைப் பிடிப்பதுபோலப் பிடிக்கும். ஆனால் மடிப்பாக்கம் தம்பியின் தண்ணீர் சம்ப்பில் விழுந்து, காற்றுப் பட்டு, பாதி துருவாகி, சளியோடு வருகிறது. அது ரெசின் மணிகளின் மேல் பூச்சாகப் படியும். உப்புப் போட்டுக் கழுவினால் போகாது. கொஞ்ச நாளில் இரும்பும் நிற்காது, கடினமும் நிற்காது. ஆர்.ஓ. மெம்பரேனுக்கு இன்னும் மோசம், உள்ளே போகும் நீரில் 0.1 மில்லிகிராமுக்கும் கீழே இருந்தால்தான் அது தாக்குப்பிடிக்கும். அதோடு வீடு முழுக்க ஆர்.ஓ. என்றால் எடுக்கும் தண்ணீரில் பெரும்பகுதி கழிவாகப் போகும். கக்கூஸ் கழுவ எதற்கு ஆர்.ஓ.? நிலத்தடி நீருக்கு இவ்வளவு திண்டாடும் ஊரில் அதை நான் எந்த வீட்டுக்கும் சொல்ல மாட்டேன்.

வரிசை இதுதான்: முதலில் காற்று, அப்புறம் துரு உருவாகிப் படிய டேங்க்கில் தங்கல், அப்புறம் மணல் வடிகட்டி. இரும்பு போன பிறகு வேண்டுமானால் சாஃப்ட்னர். சமையலறையில் மட்டும் சிறிய ஆர்.ஓ.

13. கொள்ளிடக்கரை

சீர்காழிக்குக் கிழக்கே எங்கள் கிராமத்தில் காற்றூட்டல் பல வருடமாக நடக்கிறது. கடையில் எதுவும் வாங்க வேண்டாம். காய்கறி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் நாலு. ஒவ்வொன்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு அடுப்புக்கரி அல்லது ஒன்றரை அங்குலக் கருங்கல் ஜல்லி. ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் காற்றுப் புக ஒரு சாண் இடைவெளி விட்டு இரும்பு ஸ்டாண்டில் அடுக்குகிறோம். மேலே பி.வி.சி. குழாயில் சின்னச் சின்னத் துளை போட்டு மழை மாதிரி விழ வைக்கிறோம். கீழே ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ். தண்ணீர் எடுக்கும் குழாயை அடியிலிருந்து ஒரு முழம் மேலே வைத்தால் வண்டல் வராது. அடியில் ஒரு வால்வு, வாரம் ஒரு முறை திறந்துவிட்டால் செங்காவி வண்டல் வெளியே போய்விடும். சுற்றிலும் கொசுவலை கட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் டெங்குக் கொசு வளர்ப்பதற்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

வண்டல் சீக்கிரம் அடங்க என் அம்மா தேத்தாங்கொட்டையை உரசி விடுவார். படிகாரமும் அதே வேலையைச் செய்யும்.

14. சோதனைக்குழாய்

ஐயா, அருமையான அமைப்பு. கரியும் ஜல்லியும் நீரை மெல்லிய படலமாக விரித்துக் காற்றோடு உறவாட வைக்கின்றன. நாளடைவில் அவற்றின் மேல் படியும் துருப்பூச்சே புதிய இரும்பு மாறுவதை வேகப்படுத்தும், ஆகையால் அடிக்கடி தேய்த்துக் கழுவ வேண்டாம்.

காற்று எவ்வளவு மலிவான மருந்து என்று ஒரு கணக்கு. ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன் ஏழு மில்லிகிராம் இரும்பைத் துருவாக்கும். நம் ஊர் வெப்பத்தில் காற்றோடு நன்றாகக் கலந்த ஒரு லிட்டர் நீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். எந்த வீட்டுப் போருக்கும் இது தேவைக்கு மிஞ்சியது. கட்டுப்படுத்துவது நேரமும் பி.எச்.-உம்தான். பி.எச். 7-க்கு மேல் இருந்தால் சில நிமிடங்களில் பெரும்பகுதி மாறிவிடும், 6.5 என்றால் அரை மணிக்கு மேல், 6 என்றால் பல மணி நேரம். அருவியாக விழும்போது கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் பறப்பதால் பி.எச். கொஞ்சம் ஏறும், அதுவும் நமக்கு லாபம்.

தேத்தாங்கொட்டையும் படிகாரமும் துருவான பிறகுதான் உதவும். கரைந்த இரும்பை அவை தொடாது. காற்றுக்கு அப்புறம் போடுவதால்தான் உங்கள் அம்மா செய்தது பலித்தது.

15. மடிப்பாக்கம் புதுவீடு

அறிக்கை வந்துவிட்டது. அமிலம் விட்ட பாட்டிலில்தான் பிடித்தேன். பி.எச். தவிர மற்றவை லிட்டருக்கு மில்லிகிராமில்: இரும்பு 3.8, மாங்கனீசு 0.2, பி.எச். 7.1, கடினத்தன்மை 380, குளோரைடு 210, அம்மோனியா 0.3, நைட்ரேட் 8. கோலிஃபார்ம் இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு குழாயடி கிட்டில் 0.5-க்கும் 0.7-க்கும் நடுவே. இது குடிக்கவே கூடாத அளவா?

16. சோதனைக்குழாய்

பயப்படாதீர்கள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-இல் இரும்புக்கு முதலில் 0.3 இருந்தது, 2015 திருத்தத்தில் 1.0 ஆக்கினார்கள். உங்களுடையது அதைப்போல நாலு பங்கு. ஆனால் இந்த அளவு இரும்பு நிறம், ருசி, கறைக்கான தொல்லையே தவிர விஷம் அல்ல. சல்ஃபைடு வரம்பு 0.05, அதுவும் வாசத்தையும் ருசியையும் வைத்துத்தான். மாங்கனீசைத்தான் நான் கவனிப்பேன்: ஏற்கத்தக்க அளவு 0.1, வேறு வழியில்லை என்றால் 0.3 வரை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைக்காதீர்கள். கோலிஃபார்ம் இல்லாதது பெரிய நிம்மதி.

இனி வேலை. முதலில் போர். உங்கள் கேசிங்கில் ஓர் அடிக்குச் சுமார் ஆறரை லிட்டர் நிற்கும். நீர்மட்டம் எத்தனை அடியில்?

17. மடிப்பாக்கம் புதுவீடு

கயிறு விட்டுப் பார்த்தோம், 30 அடி.

18. சோதனைக்குழாய்

அப்படியென்றால் 90 அடித் தண்ணீர், 585 லிட்டர். லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்றால் 30 சதவீதம் குளோரின் உள்ள புது பிளீச்சிங் பவுடர் 200 கிராம். பழைய மூட்டை என்றால் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். பிளாஸ்டிக் பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் போரில் ஊற்றுங்கள். மோட்டாரை ஓடவிட்டு ஒரு ஹோஸ் வழியாக அந்தத் தண்ணீரையே திரும்பப் போருக்குள் விட்டால் கேசிங் சுவர் முழுக்க நனையும். வீட்டின் ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசம் வரும்வரை திறந்து மூடுங்கள், ஃபிளஷ் டேங்க் உட்பட. ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும். அன்றைக்கு அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. மறுநாள் வாசம் போகும்வரை வடிகாலில் ஓடவிடுங்கள். செடிக்கும் செப்டிக் டேங்க்குக்கும் விட வேண்டாம். வாட்டர் பியூரிஃபையர் இருந்தால் முன்கூட்டியே அதன் வால்வை மூடிவிடுங்கள்.

குழாய்க்காரத் தம்பி சொன்னபடி கம்ப்ரசர் அடித்த பிறகுதான் இது. சளி கெட்டியாக இருக்கும்போது ஊற்றினால் குளோரின் மேற்பரப்போடு நின்றுவிடும். இந்தப் பாக்டீரியா முழுக்க ஒழியாது, திரும்ப வளரும். வருடத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

19. குழாய்க்காரன்

ஐயா, இடையில் ஒரு எச்சரிக்கை. உறைகிணறு, சம்ப் உள்ளவர்கள் யாரும் சுத்தம் செய்ய நேராக உள்ளே இறங்காதீர்கள். முட்டை நாற்றம் வரும் கிணற்றில் இந்த வாயு அடியில் தேங்கும். கொஞ்ச அளவில்தான் நாறும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாசம் தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து இறங்கி மயங்கியவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்கி, அவரும் போய், இப்படித் தொடர்ச்சியாகச் செத்துப்போகிறார்கள். எங்கள் தொழிலில் இது எத்தனை குடும்பத்தை அழித்திருக்கிறது என்று நினைத்தால் தாங்க முடியவில்லை. எவ்வளவு கூலி கொடுத்தாலும் ஆளை இறக்காதீர்கள். வெளியில் நின்றே பம்ப் வைத்து இறைத்துச் சுத்தம் செய்ய முடியும்.

20. சோதனைக்குழாய்

இதை இந்த இழையைப் படிக்கும் ஒவ்வொருவரும் வீட்டில் சொல்ல வேண்டும். நன்றி தம்பி.

இப்போது அன்றாட ஏற்பாடு. கொள்ளிடக்கரை ஐயாவின் கிரேட் அடுக்கை அப்படியே செய்யுங்கள். உங்கள் பி.எச்.-இல் சல்ஃபைடில் பாதிதான் வாயுவாக இருக்கும், அது விழும்போதே பறக்கும். மீதி அயனியாக நிற்கும், அதற்கும் மாங்கனீசுக்கும் குளோரின் தேவை. மாங்கனீசு வெறும் காற்றுக்கு இந்தப் பி.எச்.-இல் அசையாது.

எவ்வளவு குளோரின்? காற்றே இல்லாவிட்டால் இரும்புக்கு மட்டும் 3.8-ஐ 0.64-ஆல் பெருக்கி ஏறக்குறைய 2.4 மில்லிகிராம். சல்ஃபைடு ஒரு மில்லிகிராமுக்குக் கந்தகமாக மாற 2.1, முழுக்கச் சல்ஃபேட்டாக்க 8.3. அம்மோனியா 0.3 கூட தன் பங்குக்கு 2, 3 மில்லிகிராம் கேட்கும். காற்றூட்டிய பிறகு இந்தத் தேவை பெரிதும் குறையும். லிட்டருக்கு 3 மில்லிகிராமில் தொடங்குங்கள். ஆயிரம் லிட்டர் டேங்க்குக்கு 3 கிராம் குளோரின், அதாவது 10 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) கரைசல் 30 மில்லி. அரை மணி விட்டு குளோரோஸ்கோப்பில் பாருங்கள், ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர் வைத்திருப்பாரே அதுதான். 0.2-க்கும் 0.5-க்கும் நடுவே காட்டினால் அளவு சரி. ஒன்றுமே காட்டாவிட்டால் 10 மில்லி கூட்டுங்கள்.

அப்புறம் வடிகட்டி. மணிக்கு ஆயிரம் லிட்டர் போதும் என்றால் 14 அங்குல எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை) வெசல், அதாவது வடிகட்டித் தொட்டி. அடியில் கூழாங்கல், மேலே மணல், அதற்கும் மேலே மாங்கனீசு டை ஆக்சைடு பூசிய மீடியா, அதாவது வடிகட்டும் மணிகள். அதில் பிர்ம் என்று ஒரு வகையைக் காட்டுவார்கள், உங்களுக்கு அது ஆகாது. ஹைட்ரஜன் சல்ஃபைடும் குளோரினும் அதைக் கெடுத்துவிடும்.

இந்தச் சந்தையில் பெரும்பாலான வடிகட்டிகள் தோற்பது மீடியாவால் இல்லை, பேக்வாஷால், அதாவது நீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பிவிட்டு மீடியாவைக் கழுவுவதில். வடிகட்ட மணிக்கு ஆயிரம் லிட்டர் போதும், ஆனால் மணலும் மீடியாவும் சேர்ந்த படுக்கையைக் கிளப்பிக் கழுவ அதே வெசலுக்கு மூவாயிரம் லிட்டராவது வேண்டும். கனமான மீடியா என்றால் இன்னும் அதிகம். சின்ன பம்ப்பை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், படுக்கை அசையவே அசையாது, நாலைந்து மாதத்தில் துரு கட்டி தட்டிப்போகும். அப்புறம் மீடியா மாற்ற வேண்டும் என்று பணம் கேட்பார்கள். விலை பேசும்போதே கேளுங்கள்: பேக்வாஷுக்கு எவ்வளவு வேகம் வேண்டும், இந்த பம்ப் அதைத் தருமா, எழுதிக் கொடுப்பீர்களா?

21. தெளிநீர்

காற்றை அழுத்தி உள்ளேயே வைத்திருக்கும் ஒற்றை வெசல் அமைப்புகள் வருகின்றனவே, அதில் கிரேட், டேங்க் எதுவும் வேண்டாம். இடம் இல்லாதவர்களுக்கு அது ஆகுமா?

22. சோதனைக்குழாய்

ஆகும். இரும்பு நடுத்தரமாகவும் சல்ஃபைடு குறைவாகவும் உள்ள இடத்தில் நன்றாகவே வேலை செய்யும். உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். பேக்வாஷ் கேள்வி அதற்கும் உண்டு. இரும்பு பாக்டீரியா உள்ள போருக்கு நான் சொல்ல மாட்டேன், சளி உள்ளே காற்று வரும் துளையை அடைத்துவிடும்.

23. செம்பருத்தி

பேக்வாஷ் தண்ணீர் செக்கச்செவேலென்று வருமே, அதை எங்கே விடுவது?

24. சோதனைக்குழாய்

மழைநீர்க் குழியில் விட வேண்டாம், துரு மண்ணின் துளைகளை அடைத்துவிடும். ஒரு பழைய டிரம்மில் பிடித்து ஒரு நாள் விட்டால் துரு அடியில் தங்கும். மேலே தெளிந்ததைத் தரை கழுவப் பயன்படுத்தலாம். அடி வண்டலைக் காயவைத்துக் கட்டட வேலை மண்ணோடு கலந்துவிடுங்கள்.

25. மடிப்பாக்கம் புதுவீடு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கம்ப்ரசர் அடித்தபோது வெளியே வந்த சளியைப் பார்த்து வீட்டில் எல்லோரும் அதிர்ந்துபோனோம். குளோரின் கழுவல் முடிந்தது. கிரேட் அடுக்கு, டேங்க், 14 அங்குல வெசல் போட்டாயிற்று. பேக்வாஷுக்காக ஒரு குதிரைத்திறன் பம்ப் தனியாக வைத்தோம், கடைக்காரர் முதலில் தேவையில்லை என்றார், நீங்கள் சொன்ன கேள்விகளைக் கேட்டதும் ஒப்புக்கொண்டார். புது அறிக்கையில் இரும்பு 0.15, மாங்கனீசு 0.04. டீ டீயாக இருக்கிறது. இரண்டு கடைக்காரர்கள் சொன்ன விலையைவிட மொத்தச் செலவு நன்றாகவே குறைவு.

மிச்சம் ஒன்றுதான். பச்சைத் தண்ணீரில் வாசம் சுத்தமாக இல்லை, மாடி கீசர் வெந்நீரில் மட்டும் முட்டை நாற்றம் இன்னும் வருகிறது.

26. குழாய்க்காரன்

சார், அது போர் தண்ணீர்க் குற்றம் இல்லை, கீசர். உள்ளே டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க மக்னீசியம் ஆனோடு ராடு இருக்கும். அது கரையும்போது தண்ணீரில் இருக்கும் சல்ஃபேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. வெதுவெதுப்பான சூட்டில், அதிகம் பயன்படுத்தாத கீசரில் இது நடக்கும். மாடிக் குளியலறையை எப்போதாவதுதான் பயன்படுத்துகிறீர்களா?

27. மடிப்பாக்கம் புதுவீடு

ஆமாம் அண்ணா, விருந்தாளி வந்தால் மட்டும்தான். ராடைக் கழற்றிப் போட்டுவிடலாமா?

28. குழாய்க்காரன்

கழற்றிவிட்டு வெறுமனே மூடாதீர்கள், டேங்க் துருப்பிடித்து ஓட்டை விழும், வாரண்டியும் போகும். முதலில் தெர்மோஸ்டாட்டை முழுக்க வைத்துச் சில மணி நேரம் நல்ல சூடாக நிற்கவிடுங்கள். அப்போது யாரும் குழாயைத் திறக்கக் கூடாது, கை வெந்துவிடும். அப்புறம் மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, அடி வண்டலோடு முழுத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். ரெண்டு வாரத்தில் திரும்ப வந்தால் மக்னீசியத்துக்குப் பதில் அலுமினியம் துத்தநாக ராடு மாற்ற வேண்டும். உங்கள் கீசர் மாடலைச் சொன்னால் எந்த அளவு என்று பார்த்துச் சொல்கிறேன்.

29. சோதனைக்குழாய்

தம்பி, அது ஆகட்டும். மேல் கிரேட் கரியில் சளி பிடித்தால் அந்த ஒரு கிரேட்டை மட்டும் மாற்றுங்கள், நாலையும் ஒரே நாளில் மாற்றினால் துருப்பூச்சு போய் இரண்டு வாரம் இரும்பு கூடுதலாக வரும். மழைக்காலம் முடிந்த கையோடு இரும்பு, அம்மோனியா, கோலிஃபார்ம் மூன்றையும் மறுபடி சோதித்து இங்கேயே எழுதுங்கள். வேளச்சேரி அடுக்ககத்தாருக்கும் அந்த எண்கள் உதவும்.